உப்பும் விருதும்: பள்ளி அறிவியல் ஆசிரியரை நாம் மதித்த வரலாறு

(நீண்ட பதிவு. கல்வி வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்களும் பேராசிரியர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். இறுதியில் ஒரு வேண்டுகோளும் உண்டு.)

ஆய்வேட்டின் பொருட்டு அண்மையில் மைசூருவில் பதினொரு நாள் தங்கியிருந்தேன். பகற்பொழுது மானசகங்கோத்ரியில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனத்தில் கழிந்தது. இரவில் தங்கியது ஹெப்பாளில், தொழிற்பேட்டையில் பணிபுரியும் நண்பர் ஒருவரின் அறையில். ஹெப்பாளை அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: பெங்களூருவிலும் அதே பெயரில் ஓர் இடம் உண்டு, நான் சொல்வது மைசூரு நகரின் வடமேற்கு ஓரத்தில் தொழிற்சாலைகளும் ஓர் ஏரியும் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மாபெரும் பயிற்சி வளாகமும் அமைந்த ஹெப்பாள். புதிதாகப் பணியில் சேரும் பொறியாளர்கள் நாடெங்கிலுமிருந்து அங்கு வந்து சில மாதங்கள் பயில்கிறார்கள். கிரேக்க, ரோமானியப் பாணியில் தூண்கள் நிறுத்திய அதன் கல்வி மையக் கட்டடத்தைப் படத்திலேனும் பார்த்திராத பொறியியல் மாணவர் தமிழ்நாட்டில் குறைவு.

வளாகத்துக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் மாலை வேளைகளில் தமிழ் தாராளமாகக் கேட்கும். ஒரு நாள் அங்கிருந்த ஆறேழு இளைஞர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். பள்ளியில் உங்களுக்கு அறிவியல் கற்பித்தவர்களுள் மறக்க முடியாதவர் யார்? எல்லோரும் ஒரு நொடிகூடத் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னார்கள். அவருக்கு எப்போதேனும் விருதோ பாராட்டோ கிடைத்ததா? ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு தேநீர்க் கடை உரையாடலைக் கள ஆய்வு என்று அழைக்கும் துணிவு எனக்கில்லை. ஆயினும் அந்த இரண்டு விடைகளுக்கும் இடையிலான தூரமே இப்பதிவை எழுதத் தூண்டியது.

இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நா. ரா. நாராயண மூர்த்தி ஓர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியரின் மகன். மைசூருவின் சாரதா விலாஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். அப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த கே. வி. நாராயண் குறித்து அவர் பல மேடைகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். வேதியியல் செய்முறை வகுப்பில் சோதனைக் குழாயில் சாதாரண உப்பை அவர் மிகச் சிக்கனமாக, சிறிது சிறிதாக இட்டாராம். மாணவன் ஒருவன் அதைக் கண்டு நகைத்துவிட்டான். உப்பு அவ்வளவு விலையுயர்ந்த பொருளா என்பது அந்த நகைப்பின் பொருள். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. இந்த உப்பு பள்ளிக்குச் சொந்தமானது, அதாவது எல்லோருக்கும் சொந்தமானது, ஆகவே அளந்துதான் செலவிட வேண்டும். உனக்கு உப்பு வேண்டுமானால் என் வீட்டுக்கு வா, என் சொந்தப் பணத்தில் வாங்கியதை மூட்டையாகவே தருகிறேன் என்ற கருத்துப்பட விடையளித்தாராம்.

இக்கதையைப் பொதுச் சொத்தைப் பேணும் நேர்மைக்குச் சான்றாகவே மூர்த்தி சொல்வது வழக்கம். வரலாற்று மாணவனாகிய எனக்கு அதில் வேறொன்றும் தென்படுகிறது. விடுதலைக்குப் பிந்தைய முதற் பதினைந்து ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி அது. அக்காலத்தில் ஒரு பள்ளியில் மாணவர் கண்முன்னே செய்முறை நடந்திருக்கிறது. தலைமையாசிரியரே சோதனைக் குழாயைக் கையில் பிடித்திருக்கிறார். இத்தகைய ஆசிரியரை ஒரு சமூகம் எவ்வாறு அடையாளம் காண்கிறது? அதற்கு எத்தகைய கருவிகளை வைத்திருந்தது?

மைசூருவில் இக்கேள்வியை எழுப்பினால் முதலில் சொல்லப்படுவது 1921ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. மகாராஜா கல்லூரியில் 1918 முதல் மெய்யியல் பேராசிரியராக இருந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மலர்களால் அணிசெய்த வண்டியைத் தாமே இழுத்துத் தொடர்வண்டி நிலையம் வரை கொண்டு சென்றனர். விண்ணப்பமில்லை, தேர்வுக் குழுவில்லை, சான்றிதழில்லை. ஆனால் அவர் கல்லூரிப் பேராசிரியர், மெய்யியலாளர். எட்டாம் வகுப்பில் நெம்புகோலை விளக்கியவருக்காக எந்த ஊரிலும் குதிரையை அவிழ்த்ததாக நான் படித்ததில்லை.

பள்ளி ஆசிரியர் நிலை வேறாக இருந்தது. நம் திண்ணைப் பள்ளிகளில் ஊதியமும் பாராட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நவராத்திரியில் உபாத்தியாயர் தம் பிள்ளைகளை வீடுவீடாக அழைத்துச் சென்று பாடவும் கோலாட்டம் ஆடவும் வைப்பார். பிள்ளைகள் எவ்வளவு நன்றாகச் செய்தார்களோ, அதற்கேற்ப வீட்டார் பணமும் துணியும் தானியமும் தருவார்கள். இதை இன்றைய மொழியில் மாணவர் செயல்திறனைச் சார்ந்த ஊக்கத்தொகை என்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் கொடுப்பவர் பிள்ளையின் பெற்றோர். பிள்ளை கற்றதை நேரில் கண்டே கொடுத்தார். இந்த ஒரு கூறு பின்னர் நம் முறைகளிலிருந்து மறைந்தது.

மறையச் செய்தது எது என்பதற்கு இலண்டன் வரை செல்ல வேண்டும். அறிவியல் ஆசிரியருக்கென்றே அரசு பணம் ஒதுக்கித் தந்த நவீன ஏற்பாடுகளுள் மிகப் பழையதொன்று 1859இல் அங்கே தோன்றியது. சவுத் கென்சிங்டனில் ஹென்றி கோல் தலைமையில் இயங்கிய அறிவியல் கலைத் துறை ஒரு விதியை வகுத்தது: தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர் ஒருவரின் மாணவர்கள் துறை நடத்தும் அறிவியல் தேர்வில் தேறினால், தேர்ச்சி பெற்ற தலைகளின் எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் ஏற்ப ஆசிரியருக்குப் பணம். தாமஸ் ஹக்ஸ்லி போன்ற அறிஞர்கள் தேர்வாளர்களாக இருந்தனர். கைவினைஞர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் அறிவியல் வகுப்புகள் நாடெங்கும் பரவ இது உதவியது. அதை மறுப்பது நேர்மையன்று. அதே வேளையில் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே வேதியியல் கற்பிக்கலாம் என்ற கண்டுபிடிப்பும் அப்போதுதான் நிகழ்ந்தது. தேர்வு தாளில் நடக்கிறது, பணம் தேர்ச்சிக்குக் கிடைக்கிறது. இடையில் குடுவை எதற்கு? 1862இல் இராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகள் இதே கொள்கையைத் தொடக்கப்பள்ளி எழுத்துக்கும் எண்ணுக்கும் நீட்டித்தன.

அங்கிருந்து அது சென்னை மாகாணத்துக்குக் கப்பலேறியது. 1860களின் பிற்பகுதியில் உதவித்தொகை விதிகளில் ‘விளைவுக்கேற்ற கொடை’ இடம்பெற்றது. திண்ணைப் பள்ளிகள் அரசின் ஆய்வு வளையத்துக்குள் வந்தது பெருமளவு இதன் வழியேதான். ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை நிறுத்தி வாசிக்கச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார், தேறியவர்களை எண்ணுவார்; அந்த எண்ணிக்கையே உபாத்தியாயரின் வருமானம். நவராத்திரிக் காணிக்கையின் உருவம் மாறிவிட்டது. மதிப்பிடுபவர் இப்போது ஊரார் அல்லர், குதிரையில் வந்து போகும் அதிகாரி. 1882இல் அமைந்த ஹண்டர் ஆணையம் இம்முறையை அலசியது; 1904இல் கர்சன் காலக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இதைக் கைவிடும் திசையில் திரும்பியது. முறை ஒழிந்தது. ஆசிரியரின் தரத்தை மாணவரின் தேர்ச்சி விழுக்காட்டால் அளக்கும் பழக்கம் ஒழிந்ததா என்பதைப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் கேட்டறியலாம்.

விடுதலைக்குப் பின் தேசிய நல்லாசிரியர் விருது 1958இல் தொடங்கியது. இராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962 முதல் செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாயிற்று. மகாராஜா கல்லூரி வண்டியின் நினைவு இவ்வாறு நாட்டின் நாட்காட்டியில் ஏறியது என்று சொல்லலாம். சற்று மிகையாகவே இருந்தாலும்.

இதே ஆண்டுகளில் மைசூருவில் நிகழ்ந்த மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1961இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு உருவானது. அதன்கீழ் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்விக் கல்லூரிகள் எழுந்தன. மைசூர்க் கல்லூரி 1963இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஒகையோ அரசுப் பல்கலைக்கழகம் இத்திட்டத்துக்கு ஆலோசனை நல்கியது. ஸ்புட்னிக் வானேறி ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பள்ளி அறிவியலைச் சீரமைப்பது அமெரிக்காவிலேயே தேசப் பாதுகாப்புக்குரிய பொருளாகக் கருதப்பட்டது. மைசூர்க் கல்லூரியின் சிறப்பு நான்காண்டு ஒருங்கிணைந்த இளநிலை அறிவியல் கல்விப் பட்டம். முதலில் மூன்றாண்டு இயற்பியல், பிறகு வேறு வழியின்றி ஓராண்டு கல்வியியல் என்று வரும் பாதைக்கு மாறாக, பதினேழு வயதிலேயே ‘நான் அறிவியல் ஆசிரியன் ஆவேன்’ என்று முடிவெடுத்து வருபவருக்குப் பாடமும் பயிற்றுமுறையும் ஒன்றாக ஊட்டப்பட்டன. வளாகத்திலேயே செயல்முறைப் பள்ளி ஒன்றும் இணைந்திருந்தது. தென் மாநிலங்கள் அனைத்துக்கும் உரிய கல்லூரி என்பதால் தமிழ் மாணவர்களும் சென்று பயின்றனர். தாமரை இலையில் நீர் ஏன் ஒட்டவில்லை என்று எங்களிடம் கேட்டுவிட்டு விடை சொல்லாமல் ஒரு வாரம் காக்க வைத்த என் ஆசிரியரின் ஆசிரியர் அங்கே பயின்றவர் என்பதை இப்பயணத்துக்குச் சற்று முன்னர்தான் அறிந்தேன்.

ஆக, அறிவியல் ஆசிரியரை உருவாக்கும் நிறுவனம் வந்தது. பொதுவான ஆசிரியருக்கு விருதும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. 1963இல் தில்லியில் முன்னோட்டமாகத் தொடங்கி மறு ஆண்டு நாடு முழுவதும் விரிந்த தேசிய அறிவியல் திறன் தேடல் திட்டம் மாணவரைத் தேடியது. 1999இல் வந்த இளம் அறிவியலாளர் ஊக்கத் திட்டமும், 2008இல் வந்த இன்ஸ்பயர் திட்டமும் மாணவரையே தேடின. மாணவரைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் கிணற்றில் நீர் சுரக்கிறது என்று கண்டவர்கள், அதைத் தோண்டியவர் யார் என்று ஒரு பதிவேட்டிலும் எழுதாமல் விட்டது வியப்புக்குரியது. இயற்பியலறிஞர் தௌ. சி. கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய ஆணையம் பள்ளியின் முதற் பத்தாண்டும் அறிவியல் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. கட்டாயமாக்கப்பட்ட பாடத்துக்கு இலட்சக்கணக்கில் ஆசிரியர் வேண்டியிருந்தனர். அந்தப் பெருங்கூட்டத்தில் சிறந்தவரைக் கண்டறிவதற்குத் தனி வழி வகுக்கப்படவில்லை.

அமெரிக்காவுடன் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளியும். அங்கே 1983இல் காங்கிரஸ் அவை கணித, அறிவியல் ஆசிரியருக்கென்றே குடியரசுத் தலைவர் விருதை ஏற்படுத்தியது. மாநிலந்தோறும் தெரிவு, பெறுபவருக்கு தேசிய அறிவியல் நிறுவனத்திலிருந்து 10,000 டாலர். முக்கியமானது தொகையன்று. பொறுப்பை ஏற்றது கல்வித் துறை அன்று, ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் அறிவியல் நிறுவனம். பள்ளி ஆசிரியர் அறிவியல் சமூகத்தின் உறுப்பினர் என்ற ஒப்புதல் அதில் உள்ளடங்கியிருக்கிறது.

இந்தியாவில் அத்தகைய ஒப்புதல் நிகழ்ந்த இடம் ஒன்று உண்டு. அங்கே விருது என்ற சொல்லே இல்லை. 1972இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தைச் சொல்கிறேன். கிஷோர் பாரதி, நண்பர்கள் கிராம மையம் ஆகிய இரு அமைப்புகள் தொடங்க, 1982இல் உருவான ஏகலவ்யா அதை ஏற்று நடத்தியது. தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் வந்த அறிவியலாளர்கள் கிராமத்து ஆசிரியர்களோடு ஒரே தரையில் அமர்ந்து செய்முறைகளைச் செய்து பார்த்தனர். ஆசிரியர் மாதந்தோறும் கூடினர்; வகுப்பில் எது வேலை செய்யவில்லை என்று சொன்னார்கள்; அதற்கேற்பப் பாடநூல் திருத்தப்பட்டது. தான் சொன்ன குறையால் அடுத்த பதிப்பில் ஒரு செய்முறை மாறியிருப்பதைக் காணும் ஆசிரியருக்கு வெள்ளிப் பதக்கம் தரக்கூடிய நிறைவு அதைவிடப் பெரிதாக இருக்குமா? 2002இல் மாநில அரசு இத்திட்டத்தை மூடியது. முப்பது ஆண்டுகள் அதில் உழைத்த ஆசிரியர்களின் அறிவு எந்தத் தகுதிப் பட்டியலிலும் ஏறாமல் போயிற்று. நம் கல்வி வரலாற்றில் போதிய அளவு துக்கம் அனுசரிக்கப்படாத இழப்புகளுள் இதை முதலில் வைப்பேன்.

இனி விருதுக்கே வருவோம். நெடுங்காலம் தேசிய விருது ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு வழங்கப்பட்டது. மாநிலக் குழுக்கள் பெயர்களை அனுப்பின. 2018இல் முறை அடியோடு மாறியது. எண்ணிக்கை 45ஆகச் சுருங்கியது. ஆசிரியர் தாமே இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட, மாநிலக் குழுக்களைக் கடந்து, இறுதியில் தேசிய நடுவர் குழுவின் முன் தம் பணியைத் தாமே எடுத்துரைக்க வேண்டும். பெறுபவருக்குச் சான்றிதழும் வெள்ளிப் பதக்கமும் ரூ.50,000மும். பரிந்துரையின் பெயரால் நடந்த செல்வாக்குப் போட்டியைக் குறைக்க இது உதவும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. யாருடைய தயவும் இல்லாத ஆசிரியரும் தம் பெயரை முன்வைக்கலாம் என்பது சிறிய செய்தியன்று.

ஆனால் தம் பெயரைத் தாமே முன்வைக்க இயலாத ஒரு வகை மனிதர் உண்டு. என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் அவ்வகையினர். கண் பற்றிய பாடம் நடத்தும் நாளில் காலையிலேயே கறிக்கடைக்குச் சென்று ஆட்டுக் கண்கள் வாங்கி வருவார். சவர அலகால் கீறி, உள்ளிருக்கும் வில்லையை எடுத்து நாளிதழின் மேல் வைப்பார். எழுத்து பெரிதாகத் தெரியும். முப்பத்தெட்டுப் பேரும் வரிசையில் வந்து குனிந்து பார்ப்போம். ‘தம்பி, உன் கண்ணுக்குள்ளேயும் இதுதான் இருக்கு’ என்பார். அவ்வளவே விளக்கம், மீதியை நாங்கள் கேட்க வேண்டும். கண்ணுக்கான விலையை அவர் எந்தக் கணக்கிலும் எழுதியதில்லை.

ஓய்வுக்கு மூன்றாண்டு இருக்கையில் உடன் பணியாற்றியோர் மாநில அரசின் நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்குமாறு வற்புறுத்தினராம். கோப்பு ஒன்று ஆயத்தம் செய்ய வேண்டும்: நாளிதழ் நறுக்குகள், நிழற்படங்கள், பெற்ற சான்றிதழ்கள், தேர்ச்சி விழுக்காடு. அவரிடம் தேர்ச்சி விழுக்காடு மட்டுமே இருந்தது, அதுவும் நடுத்தரம். சென்ற ஆண்டு அவரைச் சந்தித்தபோது, ‘ஏன் சார் போடாமல் விட்டீர்கள்?’ என்று கேட்டேன். ‘ஆட்டுக் கண்ணை போட்டோ எடுத்து ஒட்டச் சொல்றியாப்பா?’ என்றார். பிறகு என் ஆய்வேடு எந்த இயலில் நிற்கிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பேச்சை மாற்றுவதில் அவர் எப்போதும் வல்லவர்.

விருது பெற்றோரைக் குறை சொல்வதாக இதை வாசிக்க வேண்டாம். அவர்களுள் மிகச் சிறந்தவர்கள் பலர். 2020இல் உலக ஆசிரியர் பரிசு பெற்ற சோலாப்பூர் மாவட்டத்து ரஞ்சித்சிங் டிசலே, பத்து இலட்சம் டாலரில் பாதியைப் பிற ஒன்பது இறுதிப் போட்டியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார்; ஆசிரியத் தொழிலின் இயல்பு அதில் ஒளிர்ந்தது. என் ஐயம் கருவியைப் பற்றியது. ஆவணப்படுத்தும் திறனும் கற்பிக்கும் திறனும் ஒரே மனிதரிடம் அமைவது தற்செயல். விண்ணப்ப முறை முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதை அளந்ததாக நம்புகிறது. சவுத் கென்சிங்டன் தேர்ச்சித் தாளை அளந்துவிட்டு அறிவியலை அளந்ததாக நம்பியதும் இதன் மூத்த உறவே.

அறிவியல் உலகம் என்ன செய்தது? வேதியியலறிஞர் சி. என். ஆர். ராவ் 2005இல் தாம் பெற்ற டான் டேவிட் பரிசுப் பணத்தைக் கொண்டு ஒரு கல்வி அறக்கட்டளை அமைத்து, பள்ளி அறிவியல் ஆசிரியருக்கென விருது வழங்க வழிசெய்தார். பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அவ்விருது வழங்கப்படுகிறது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1951இல் பட்டம் பெற்றவர் அவர் என்பதை இந்தப் பதிவில் சொல்லாமல் விட மனமில்லை. தனியொரு அறிவியலாளர் தம் பரிசைக் கொண்டு செய்ததை அரசு தன் அளவில் செய்யவில்லை. பல்வேறு அறிவியல் விருதுகளை ஒழுங்குபடுத்தி 2023இல் அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் முதன்முறை வழங்கப்பட்ட ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்காரில் ரத்னா, ஸ்ரீ, யுவா, குழு என நான்கு பிரிவுகள். 33 விருதுகள். பள்ளி ஆசிரியருக்கெனப் பிரிவு இல்லை.

மீண்டும் ஹெப்பாள். 2009 முதல் வழங்கப்படும் இன்ஃபோசிஸ் பரிசு ஆறு துறைகளின் ஆய்வாளர்க்குரியது. ஒவ்வொன்றும் 1,00,000 டாலர் மதிப்புடையது. 2023 நவம்பரில் அப்பரிசு அறிவிப்பையொட்டிப் பேசிய நாராயண மூர்த்தி ஒரு திட்டத்தை முன்வைத்தார். வளர்ந்த நாடுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஓய்வுபெற்ற தேர்ந்த ஆசிரியர் 10,000 பேரை அழைத்து, 2,500 ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகள் அமைக்க வேண்டும். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றைக் கற்பிக்கும் பள்ளி ஆசிரியரை அவர்கள் பயிற்றுவிக்க வேண்டும். ஆண்டுக்கு நூறு கோடி டாலர், இருபது ஆண்டுகள். வகுத்துப் பாருங்கள்: பயிற்றுநர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர். ஓர் இன்ஃபோசிஸ் பரிசின் தொகை அதுவே. பள்ளி ஆசிரியரைப் பயிற்றுவிப்பவரின் ஓராண்டு உழைப்புக்கும் ஓர் அறிவியலாளரின் சாதனைக்கும் ஒரே விலை குறித்தது திட்டமிட்டதோ தற்செயலோ, எனக்கு அது பிடித்திருந்தது.

பிடிக்காத கூறும் உண்டு. வெளிநாட்டு நிபுணர் வருவர், இந்திய ஆசிரியர் பயில்வர் என்ற அமைப்பு ஹெப்பாளிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் 1963இலேயே ஒகையோவின் துணையுடன் நிறுவப்பட்டுவிட்டது. அறுபது ஆண்டுகளாக அது உருவாக்கிய அறிவியல் ஆசிரியர்கள் எங்கே சென்றார்கள், எந்த ஊர்ப் பள்ளியில் என்ன செய்தார்கள் என்று எவரும் முழுமையாகத் தொகுக்கவில்லை. சாரதா விலாஸ் தலைமையாசிரியரின் உப்பு நமக்குத் தெரிய வந்தது அவருடைய மாணவர் ஒருவர் உலகறிந்தவர் ஆனதால். அவ்வாறு ஆகாத மாணவர்களின் ஆசிரியர்கள் எண்ணற்றோர்.

என் ஆய்வேட்டின் நான்காம் இயல் இதைத் தொகுக்கும் முயற்சி. 1963 முதல் 1980 வரை மைசூர் மண்டலக் கல்விக் கல்லூரியில் நான்காண்டுப் பட்டம் பயின்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பணியாற்றியவர்கள் இருப்பின், அல்லது அவர்களிடம் பயின்றவர்கள் இருப்பின், உட்பெட்டியில் எழுதுங்கள். பழைய செய்முறைக் குறிப்பேடுகள், பாடத்திட்டக் குறிப்புகள், வகுப்பறையில் செய்த கருவிகளின் படங்கள் எதுவாயினும் பயன்படும். சான்றிதழ்கள் தேவையில்லை.